கை அறிந்து பசை இடு!

பாத்திரம் அறிந்து பிச்சை இடு என்றார்கள் நம் முன்னோர். கை அறிந்து பசை இடு என்கிறேன் நான். கைக்கும் பசைக்கும் என்ன உறவு, மன்ற இதழுக்கு எழுத இவருக்கு வேறு பொருளே அகப்படவில்லையா என்று நண்பர்கள் நகைக்கக்கூடும். நகைத்து முடித்தபின் சற்றுப் பொறுமையோடு படிக்குமாறு வேண்டுகிறேன். நான் எழுதப்போவது டார்ச் விளக்கில் எல்.இ.டி.யை ஒட்டும் பசையைப் பற்றி. அற்பமான பொருள்தான். ஆனால் காட்டு வழியில், விடியாத வேளையில், கையிலிருந்த விளக்கு அணைந்துபோனவனுக்கு அது அற்பமாகத் தோன்றாது.

சென்ற மகாசிவராத்திரிக்கு ஊர் சென்றிருந்த நாங்கள் நால்வர், மேட்டூரிலிருந்து கொளத்தூர் வழியாகப் பாலாறு வந்து, அங்கிருந்து மாதேஸ்வரன் மலைக்கு நடந்தோம். சேலம், தருமபுரி, ஈரோடு வட்டாரத்துக் குடும்பங்கள் பலவற்றுக்கு மாதேஸ்வரன் குலதெய்வம் போன்றவர். புலிமேல் ஏறி வரும் அந்தச் சாமியின் பெயரைப் பிள்ளைக்கு வைக்காத தெரு அங்கே அரிது. மைசூரில் படிக்கும் நமக்கும் அம்மலை அயலானதன்று. 1997ஆம் ஆண்டு சாமராஜநகரம் தனி மாவட்டமாகப் பிரியும்வரை அது மைசூர் மாவட்டத்து மலையே. அடிவாரத்தில் தமிழும் மேலே கன்னடமும் கலந்து ஒலிக்கும் வழி அது. அதைச் சூழ்ந்த காடு 2013இல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஏறக்குறைய 906 சதுர கிலோமீட்டர் பரப்பு. யானையும் சிறுத்தையும் கரடியும் உலவும் இடம்.

எங்களில் ஒருவன் தன் தந்தையாரின் பழைய பித்தளை டார்ச்சைக் கொண்டுவந்திருந்தான். அதிலிருந்த பழைய பல்பை எடுத்துவிட்டு 3 வாட் எல்.இ.டி. ஒன்றைத் தானே பொருத்தியிருந்தான். வீட்டில் உடைந்த பீங்கானை ஒட்டுவதற்கு வைத்திருந்த எபாக்ஸிப் பசையைத் தாராளமாக அப்பி, அதன்மேல் எல்.இ.டி.யைப் பதித்துவிட்டான். விளக்கு எரிந்தது, நன்றாகவே எரிந்தது. புறப்பட்டு அரை மணி நேரம் வரையில் எங்கள் எல்லோருடைய விளக்கையும்விட அவனுடையதே பிரகாசம். பிறகு மங்கிற்று, பிறகு சிமிட்டிற்று, ஒரு திருப்பத்தில் அறவே அணைந்தது. விறகு முறிவது போன்ற ஓசை ஒன்று பக்கத்து மூங்கில் புதரிலிருந்து கேட்ட நேரமும் அதுவே. மேச்சேரிப் பக்கத்து மூதாட்டி ஒருவர், "பயப்படாதே சாமி, என் பின்னாலேயே வா" என்று சொல்லித் தம் சிறிய பிளாஸ்டிக் டார்ச்சை முன்னே காட்டி நடந்தார். விஞ்ஞானம் பயிலும் இளைஞர் நால்வர் அந்த அம்மையாரின் சேலைத் தலைப்பைப் பார்த்துக்கொண்டே மலை ஏறினோம்.

திரும்பி வந்ததும் டார்ச்சைப் பிரித்துப் பார்த்தோம். பேட்டரி நன்றாக இருந்தது. கம்பிகளும் நன்றாக இருந்தன. பசைதான் காலை வாரிவிட்டது.

எப்படி என்று பார்ப்போம். பழைய இழைப் பல்பு தன் வெப்பத்தில் பெரும்பகுதியை ஒளியோடு சேர்த்து முன்புறமாகவே வீசிவிடும். கண்ணாடியைத் தொட்டால் சுடும். எல்.இ.டி.யின் இயல்பு வேறு. அதன் ஒளிக்கற்றையில் வெப்பம் மிகக் குறைவு. ஆனால் கொடுக்கும் மின்சாரத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கே ஒளியாகிறது என்றும், மீதி வெப்பமாகிறது என்றும் பொதுவாகக் கொள்ளலாம். அந்த வெப்பம் முன்னே போகாது; முதுகுப்புறமாகவே வெளியேற வேண்டும். எல்.இ.டி.யிலிருந்து அது அமர்ந்திருக்கும் சிறு உலோகத் தட்டுக்கு, தட்டிலிருந்து பசைக்கு, பசையிலிருந்து டார்ச்சின் உடலுக்கு, உடலிலிருந்து காற்றுக்கும் பிடித்திருக்கும் கைக்கும் அது போகிறது. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அடைபட்டாலும் எல்.இ.டி. தன் சூட்டில் தானே வேகும். சூடு ஏற ஏற ஒளி குறையும், ஆயுளும் குறையும்.

நண்பனின் டார்ச்சில் நடந்தது அதுதான். தடித்த பசை வெப்பத்தைத் தடுத்தது. விரைவில் இறுகும் சாதாரண எபாக்ஸிகள் பல 50, 60 டிகிரியிலேயே இளகத் தொடங்குபவை. பசை இளகியதும் எல்.இ.டி.த் தட்டு ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது. இடையே காற்றுப் புகுந்தது. காற்றைப்போல வெப்பத்தை மறிப்பது வேறில்லை. மேலும் சூடு, மேலும் இளக்கம், முடிவில் இருட்டு!

"நல்ல பசையாக வாங்கியிருக்க வேண்டும், வெள்ளித்தூள் கலந்த பசை கிடைக்கிறதே!" என்றனர் விடுதி நண்பர்கள். டார்ச் செய்து பார்க்கும் இளைஞரிடையே இது வேதவாக்குப்போல் வழங்குகிறது. குழாயின்மேல் அச்சிட்டிருக்கும் வெப்பங்கடத்தும் எண் எவ்வளவு பெரிதோ அவ்வளவு சிறந்த பசை என்பது அவர்கள் கொள்கை. இந்தக் கொள்கையைத்தான் நான் மறுக்கிறேன்.

முதலில் எண்களையே பார்ப்போம். ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு இத்தனை வாட் என்று வெப்பங்கடத்தும் திறனை அளப்பார்கள். செம்புக்கு அது ஏறக்குறைய 400, அலுமினியத்துக்கு 200, சாதாரண எபாக்ஸிக்கு 0.2, அசையாத காற்றுக்கு 0.026. அலுமினா என்னும் பீங்கான் தூள் கலந்த வெப்பப் பசைகளில் சாதாரணமானதற்கு 1 என்று வைத்துக்கொள்வோம். வெள்ளித்தூள் கலந்தவற்றுக்கு 7க்கு மேலும் சொல்வதுண்டு. ஏழு மடங்கு என்றதும் மனம் மயங்குகிறது. ஆனால் பௌதிக வகுப்பில் நாம் படித்த சூத்திரம் என்ன சொல்கிறது? வெப்பத்தடை என்பது பசையின் கனத்தைக் கடத்தும் திறனாலும் பரப்பாலும் வகுத்தால் வருவது. எண் ஒன்று மட்டுமன்று. கனமும் பரப்பும் சேர்ந்தே கணக்கு.

கடைகளில் கிடைக்கும் நட்சத்திர வடிவ எல்.இ.டி.த் தட்டின் குறுக்களவு 20 மில்லிமீட்டர். பரப்பு ஏறக்குறைய 314 சதுர மில்லிமீட்டர். 3 வாட்டில் 2 வாட் வெப்பம் என்று கொள்வோம். நண்பன் செய்ததுபோல் சாதாரண எபாக்ஸியை 1 மில்லிமீட்டர் கனத்துக்கு அப்பினால், அந்தப் பசையைக் கடப்பதற்கு மட்டுமே 32 டிகிரி சூடு ஏறும். அதே சாதாரண எபாக்ஸியை நாம் எழுதும் தாளின் கனத்துக்கு, அதாவது 0.1 மில்லிமீட்டருக்கு அழுத்தி ஒட்டினால் ஏறுவது 3 டிகிரியும் சொச்சமும். அதே கனத்தில் பீங்கான் தூள் பசை என்றால் அரை டிகிரிக்குச் சற்று மேல். வெள்ளிப் பசை என்றால் அதில் பத்தில் ஒரு பங்கு டிகிரிகூட இல்லை.

இப்போது சொல்லுங்கள். தடித்த பசைக்கும் மெல்லிய பசைக்கும் உள்ள வேறுபாடு 29 டிகிரி. பீங்கான் பசைக்கும் வெள்ளிப் பசைக்கும் உள்ள வேறுபாடு அரை டிகிரி! முன்னதற்கு வேண்டியது காசு அன்று, கைப் பக்குவம். பின்னதற்கு வேண்டியதோ பல மடங்கு விலை.

அந்த அரை டிகிரியாவது மிச்சமாகட்டுமே என்பவர்கள் டார்ச்சின் வெளிப்புறத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 80 சதுர சென்டிமீட்டர் மேற்பரப்புள்ள டார்ச் ஒன்று அசையாத காற்றில் ஒவ்வொரு வாட்டுக்கும் 12 டிகிரி அளவு சூடேறும். 2 வாட்டுக்கு 24 டிகிரி. வெளிவாசலில் 24 டிகிரி நெரிசல் இருக்கும்போது உள்வாசலில் அரை டிகிரிக்காக வெள்ளியை இழைப்பது பேதைமை அன்றோ? அந்த நெரிசலைக் குறைப்பது எது தெரியுமா? பிடித்திருக்கும் கை! நம் உடலின் குருதி ஓயாமல் ஓடி வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. மேசைமேல் வைத்த டார்ச்சைவிடக் கையில் பிடித்த டார்ச் குளிர்ந்தே இருக்கும். எரியும்போது உடல் வெதுவெதுப்பானால் டார்ச் கெட்டுவிட்டது என்று அஞ்ச வேண்டாம். வெப்பம் ஒழுங்காக வெளியே வருகிறது என்பதற்கு அதுவே அடையாளம். விளக்கு மங்கியும் உடல் சில்லென்று இருந்தால்தான் அஞ்ச வேண்டும்.

நேர்மையாக ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். எண்ணுக்கு மதிப்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. தட்டில்லாமல், மூன்றரை மில்லிமீட்டர் சதுரமுள்ள எல்.இ.டி.யை நேரே உடலில் ஒட்டினால் பரப்பு 12 சதுர மில்லிமீட்டர்தான். அங்கே பீங்கான் பசை 16 டிகிரி சூடேற்றும். வெள்ளிப் பசை 2 டிகிரியோடு விடும். வெள்ளி அங்கே வெல்கிறது. ஆனால் அந்த இடத்தில் பசையே கூடாது என்பேன். சிறு எல்.இ.டி.யைச் செம்புத் தட்டில் சால்டர் வைத்துப் பற்ற வேண்டும். சால்டரின் திறன் சுமார் 50. சாதாரண வெப்பப் பசை எதுவும் அதை எட்டாது. பிறகு அகன்ற செம்புத் தட்டை உடலோடு சேர்ப்பதற்குச் சாதாரண வெப்பப் பசை போதும். அன்றியும் வெள்ளி மின்சாரத்தையும் கடத்தும் உலோகம்; அத்தகைய பசை ஓரத்தில் வழிந்து இணைப்பைத் தொட்டால் குறுக்குச் சுற்று ஏற்படும் அபாயம் உண்டு. பீங்கான் தூளுக்கு அந்தக் குற்றம் இல்லை.

எண்ணை ஒதுக்கிவிட்டால் எதைக் கொண்டு பசையைத் தேர்வது? இங்கேதான் கை வருகிறது. இந்த டார்ச் யார் கையில் இருக்கப்போகிறது? கெட்டால் யார் கை அதைத் திறக்கப்போகிறது?

மாதேஸ்வரன் மலையைச் சுற்றிச் சிறிது எண்ணிப் பாருங்கள். மலைக்கு அப்பால் சிவசமுத்திரத்தில் காவிரி அருவியாக விழும் இடத்தில், திவான் சேஷாத்ரி ஐயர் காலத்தில் தொடங்கிய திட்டத்தின் பயனாக, 1902ஆம் ஆண்டில் மின்சாரம் பிறந்தது. அது 147 கிலோமீட்டர் கம்பி வழியே கோலார் தங்கச் சுரங்கத்துக்குச் சென்றது. 1905இல் பெங்களூர்த் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது. மலைக்கு இப்பால் 1934இல் மேட்டூர் அணை எழுந்தது. அதன் அடியிலும் மின்நிலையம் வந்தது. இரண்டு ஒளியூற்றுகளுக்கு இடையே நிற்கும் இந்த மலையின் காட்டுச் சிற்றூர்கள் பலவற்றுக்கோ அந்த ஒளி நெடுங்காலம் எட்டவில்லை. 2024 ஏப்ரலில், அடிப்படை வசதிகள் வேண்டி இண்டிகநத்தா என்னும் சிற்றூரார் மக்களவைத் தேர்தலைப் புறக்கணிக்க முனைந்து, அது கலகமாகி, வாக்குப்பதிவு இயந்திரமும் உடைந்து, ஏப்ரல் 29ஆம் நாள் மறுவாக்குப்பதிவு நடந்ததை நாளிதழ்களில் படித்திருப்பீர்கள். அத்தகைய ஊர்களில் வாழும் சோளகர் முதலிய மக்களுக்கு டார்ச் ஒரு விளையாட்டுப் பொருள் அன்று. நோயாளியைத் தூக்கிச் செல்லும் வழிக்கும், யானை வரும் பருவத்தில் வயலுக்கும் அதுவே துணை.

அவர்கள் கையிலுள்ள டார்ச் கெட்டால் எங்கே போவார்கள்? கொள்ளேகாலோ மேட்டூரோ, ஏதேனும் ஒரு கடைவீதிப் பழுதுக்காரரிடம் போவார்கள். அவர் மேசையில் திருப்புளி இருக்கும். சால்டர் இரும்பு இருக்கும். இறுகிய வெப்ப எபாக்ஸியைக் கரைக்கும் மருந்து இராது. ஒட்டிய எல்.இ.டி.யை உடைக்காமல் எடுக்க அவரால் இயலாது. "இது தேறாது, வேறு வாங்கிக்கொள்ளுங்கள்" என்பார். விளக்கு உயிரோடு இருந்தும் கல்லறை மூடப்பட்டதுபோல் ஆகிவிடும்.

எல்.இ.டி. பல்லாயிரம் மணி நேரம் உழைக்கக்கூடியது, அதை ஏன் எடுக்க வேண்டும் என்று கேட்பீர்கள். எல்.இ.டி. உழைக்கும், ஆனால் மின்னோட்டத்தை ஒழுங்குபடுத்தும் சிறு சுற்றுத்தட்டும் அதன் கம்பிகளும் பல டார்ச்சுகளில் எல்.இ.டி.த் தட்டுக்கு அடியிலேயே அடைந்துகிடக்கின்றன. ஒரு கம்பி அறுந்தால்கூட மேல்தட்டைப் பெயர்க்காமல் அதைத் தொட முடியாது. நிரந்தரமாக ஒட்டியது நிரந்தரமாகப் பூட்டியதே ஆகும்.

ஆகவே என் முறை இது. தட்டில் திருகாணிக்கு இடம் இருந்தால் பசையே வேண்டாம். ஒட்டாத வெப்பக் களிம்பை மெல்லப் பூசி இரண்டு திருகாணி முடுக்குங்கள். நாளை யாரும் திருப்புளி கொண்டு திறக்கலாம். திருகாணிக்கு இடமில்லையா? நடுவில் களிம்பும், ஓரத்தில் மூன்று இடங்களில் சிறு பொட்டாகச் சிலிகோன் பசையும் வையுங்கள். கத்தி முனையால் பொட்டுகளை அறுத்தால் தட்டு கையோடு வந்துவிடும். சன்னல் கண்ணாடிக்கு வைக்கும், புளிக்காடி நாற்றம் அடிக்கும் சிலிகோனை மட்டும் அண்டவிடாதீர்கள். இறுகும்போது அதிலிருந்து கிளம்பும் அமிலம் உலோகத்தை அரிக்கும். நாற்றமில்லாத வகையையே தேடுங்கள். நொடியில் ஒட்டும் விரைவுப் பசையும் வேண்டாம். அதன் ஆவி உள்ளே வெண்புகையாகப் படிந்து பிரதிபலிப்பானை மங்கச் செய்யும்; சூட்டிலும் அதிர்ச்சியிலும் அது வெடித்து விலகும்.

அடிக்கடி கீழே விழும் டார்ச்சுக்கு இவை போதா என்பது நியாயமான மறுப்பு. ஆடு மேய்ப்பவரின் டார்ச் பாறையில் விழத்தான் செய்யும். அங்கே பீங்கான் தூள் கலந்த இருபகுதி எபாக்ஸியை வையுங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் எல்.இ.டி.த் தட்டை மட்டும் ஒட்டி, கம்பிகளும் சுற்றுத்தட்டும் பின்வழியாக வெளியே வருமாறு அமையுங்கள். உறுதியும் வேண்டும், திறக்கவும் வேண்டும் என்பவர்கள் அந்த எபாக்ஸியோடு ஒட்டாத களிம்பைச் சிறிது கலந்து பிடிப்பைத் தளர்த்திக்கொள்வதும் உண்டு. நல்ல விலை கொடுத்து வாங்கியதைக் கெடுப்பதா என்று தோன்றும். கெடுப்பதன்று, பின்னால் வருபவனுக்கு வழி விடுவது அது.

எந்தப் பசையானாலும் கைப் பக்குவம் ஒன்றே. ஒட்டும் இரு முகங்களையும் நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்துச் சமன் செய்யுங்கள். ஸ்பிரிட் நனைத்த துணியால் எண்ணெய்ப் பசை போகத் துடையுங்கள். கடுகளவு பசையை நடுவில் வைத்து, தட்டை மெல்லத் திருகி அழுத்துங்கள். காற்றுக் குமிழிகள் ஓரமாக வெளியேறிவிடும். பாரம் வைத்து ஒரு நாள் முழுதும் விடுங்கள். அவசரப்பட்டு ஏற்றிப் பார்க்காதீர்கள்.

நீலநிற எல்.இ.டி.யைக் கண்டறிந்து அதன்வழி வெள்ளொளிக்கு வித்திட்ட அகசாகி, அமானோ, நகமுரா என்னும் மூவருக்கு 2014இல் நோபெல் பரிசு வழங்கினார்கள். உலகம் அவர்களுக்குக் கடமைப்பட்டிருக்கிறது. ஆனால் அவர்கள் தந்த ஒளி மாதேஸ்வரன் மலை அடிவாரத்து மூதாட்டியின் கையில் பத்தாண்டு எரிவதும் பத்து நாளில் அணைவதும், கண்டுபிடித்தவர் கையில் இல்லை. பொருத்துபவன் கையில் இருக்கிறது.

நம் மன்றத்துக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த மகாசிவராத்திரிக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டிமன்றத்துக்குக் கூடும் அதே அறையில் டார்ச்சோடு கூடுவோம். பௌதிக மாணவர் கணக்குப் போடட்டும். பொறியியல் மாணவர் சால்டர் பிடிக்கட்டும். தமிழ் மாணவர் உப்புத்தாள் தேய்க்கட்டும். வீட்டில் மூலையில் கிடக்கும் பழைய டார்ச்சுகளைக் கொண்டுவந்து, நடந்து செல்வோருக்குப் பயன்படுமாறு செப்பனிடுவோம். ஒவ்வொன்றின் மூடிக்குள்ளும் ஒரு சிறு தாள் சுருளை வைப்போம். எந்தப் பசை வைத்தோம், எங்கே திருகினால் திறக்கும் என்று தமிழிலும் கன்னடத்திலும் அதில் எழுதுவோம்.

என் நண்பன் தன் தந்தையாரின் டார்ச்சை மறுபடியும் பொருத்திவிட்டான். இம்முறை செம்புத் தட்டு, களிம்பு, இரண்டு திருகாணி, பசை இல்லை. எரியும்போது அதன் பித்தளை உடல் கையில் இதமாகச் சுடுகிறது. அடுத்த சிவராத்திரிக்குள் அந்த மேச்சேரி அம்மையாரைத் தேடிக் கண்டுபிடித்து, அதை அவர் கையில் கொடுத்துவிட வேண்டும் என்பது அவன் எண்ணம். அவர் முன்னே நடக்கட்டும். நாங்கள் பின்னே வருகிறோம்.